சிவக்கொழுந்தர் கோபுரம் ஏறிய காலை

பழிவாங்கக் கூடாது என்று பேசாலை மாதா கோயிலில் ஞாயிறு தவறாமல் கேட்டு வளர்ந்தவள் நான். கேட்டேன், அவ்வளவுதான். சிலருக்குக் கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும். எங்கள் அம்மா கிறேஸ் அப்படிப்பட்டவர். எனக்கு ஆறாது. பேராசிரியர் சிவக்கொழுந்து மீது எனக்கிருந்த கோபத்துக்கு அந்த மாசி மாதத்தோடு நான்கு வயது முடிந்திருந்தது. வேளாவேளைக்குச் சோறூட்டி வளர்த்த பிள்ளை மாதிரி நன்றாகக் கொழுத்துப் போயிருந்தது.

நான் படித்தது கட்டடங்களின் ஆட்டத்தை. காற்றடித்தால் உயரமானது எதுவும் ஆடும். பனை ஆடினால் யாரும் கவலைப்படுவதில்லை. கோபுரம் ஆடினால் மேலே நிற்பவருக்கு வயிற்றைப் புரட்டும், கீழே நட்டு கழலும். அதை அடக்க ஒரு வழி இருக்கிறது. உச்சியில் ஓர் இரும்புக் கட்டியைத் தண்டவாளத்தில் வைத்து, இரண்டு பக்கமும் சுருள்வில் பூட்டிவிடுவார்கள். கோபுரம் ஆடத் தொடங்கியதும் கட்டி இங்கும் அங்கும் ஓடும். ஆட்டத்தையெல்லாம் தான் வாங்கிக்கொள்ளும். கோபுரம் சும்மா நிற்கும். ஆனால் வழக்கமான சுருள்வில் ஒரேயொரு வேகத்து ஆட்டத்துக்குத்தான் சரிவரும். காற்று மாறினால் கட்டி வேலை செய்யாமல் கிடக்கும். நான் போட்ட வில் வேறு. கொஞ்சம் இழுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும், கூட இழுக்க இழுக்க இறுகும். இரண்டு மடங்கு இழுத்தால் எட்டு மடங்கு எதிர்க்கும். நேர்கோட்டுக் கணக்குக்குள் அடங்காத வில். அதனால் எந்த வேகத்து ஆட்டத்தையும் பிடித்துக்கொள்ளும்.

பெயருக்கு முன்னால் டொக்டர் போடும் கலாநிதிப் பட்டத்துக்காக, தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில், சிவக்கொழுந்தரின் மேற்பார்வையில் இந்த ஆய்வைச் செய்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். ஒவ்வோர் அத்தியாயமும் எழுதி முடிய அவரிடம் கொடுப்பேன். "வாசிக்கிறன் பிள்ளை, அவசரப்படாதையும்" என்பார். வாசித்தார்தான். வாசித்துவிட்டு என் இரண்டாம் மூன்றாம் அத்தியாயங்களை அப்படியே ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார், தன் பெயரையும் வெளிநாட்டிலிருந்த தன் கூட்டாளியின் பெயரையும் போட்டு. எனக்கு அது தெரியாது. நான் ஆய்வேட்டை ஒப்படைத்தபோது பல்கலைக்கழகம் வழமைபோல அதைக் களவு பிடிக்கும் கணினி நிரலுக்குள் போட்டது. நிரல் பாதி ஏட்டைச் சிவப்பாக்கித் திருப்பித் தந்தது. எங்கிருந்து எடுத்தது என்று பார்த்தால், சிவக்கொழுந்து எழுதிய கட்டுரையிலிருந்து! என் வீட்டுக் கோழியை நானே களவெடுத்தேன் என்று என்னைப் பிடித்தார்கள்.

விசாரணைக் குழு கூடியது. நான் கத்தினேன், அழுதேன், பழைய மின்னஞ்சல்களைக் காட்டினேன். மாணவி செய்வதெல்லாம் மேற்பார்வையாளரின் திட்டத்துக்குள் அடக்கம் என்றார்கள். சிவக்கொழுந்தர் மேசையின் மறுபக்கத்தில் இருந்தார். செத்தவீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "நல்ல பிள்ளை. கொஞ்சம் அவசரப்பட்டிட்டா" என்றார். பட்டம் போனதைக்கூட நான் ஒரு நாள் மறக்கக்கூடும். அந்த ஒரு வசனத்தை மறக்க மாட்டேன்.

மன்னாருக்குத் திரும்பி வந்தேன். சின்னம்மா ஒருத்தி, நான் டொக்டராகி வந்திருக்கிறேன் என்று நினைத்து, வயிற்றுக்குத்துக்கு மருந்து கேட்டாள். கதை தெரிந்த பிறகு மருந்து கேட்பதை விட்டாள். முகம் பார்ப்பதையும் விட்டாள். படிக்கப் போன இடத்தில் களவு பிடிபட்டு வந்தவள் என்ற பெயர் தலைமன்னாரிலிருந்து முருங்கன் வரை எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. முதல் பட்டத்தை வைத்துக்கொண்டு பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலை எடுத்தேன். மதில், மதகு, கடை, ஹோட்டல், யார் எதைக் கட்டினாலும் போய்ப் பார்த்து, சரியென்றால் கையெழுத்து வைக்கும் வேலை. எல்லோரும் 'ரீ.ஓ. மிஸ்' என்று கூப்பிடுவார்கள். மரியாதையான வேலைதான். ஆனால் நான் கேட்டது மரியாதை இல்லை. என்னுடைய வேலை என்னுடையது என்று அந்த மனிதன் தன் வாயால் நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தலைமன்னார்ப் பக்கம் கடற்கரையில் ஒரு ஹோட்டல்காரர்கள் பார்வைக் கோபுரம் கட்டினார்கள். பன்னிரண்டு மாடி உயரம், வெள்ளைக் குழாய் போல ஒடிசலாக, உச்சியில் ஒரு கண்ணாடி அறை. அங்கிருந்து பார்த்தால் இந்தியாப் பக்கம் போகிற மணல்திட்டுகள் தெரியும். கீழே மேயும் கழுதைகள் பூனைக்குட்டி அளவில் தெரியும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் ஒரு நாள் பரீட்சார்த்தமாகத் திறந்தார்கள். ஏறிய பயணிகள் அத்தனை பேரும் வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுத்தார்கள். நான் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டேன். ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு வாருங்கள் என்றேன்.

ஹோட்டலின் பொறுப்பாளர் சாஹுல் ஹமீட், எருக்கலம்பிட்டிக்காரர், வம்பு, சோலி சுரட்டு இல்லாத மனிதர். ஒரு நாள் முகமெல்லாம் பல்லாகப் பிரதேச சபைக் கந்தோருக்கு வந்தார்.

"மிஸ், இனிக் கவலையில்லை. பெரிய ப்ரொபெசர் ஒருத்தரைப் பிடிச்சிட்டம். மேல ஒரு இரும்புக் கட்டி வைக்கப் போறார். இறுகிற ஸ்பிரிங்காம். உலகத்திலயே புதுசாம். அவரே கண்டுபிடிச்சதாம்."

"அவரேயோ?"

"ஓம் மிஸ். பேர் சிவக்கொழுந்து. கேள்விப்பட்டிருப்பீங்கள்."

"கேள்விப்பட்டிருக்கிறன்" என்றேன். மிச்சத் தேத்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்து முடித்தேன். பயத்தில் இல்லை, சந்தோசத்தில். வெறும் சந்தோசம்கூட இல்லை, பசித்தவனுக்குச் சோற்று மணம் வந்தால் வருமே, அது.

ஏனென்றால், அந்தக் கட்டியைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஏட்டில் அதை நான் எழுதவில்லை. பிறகு தனிக் கட்டுரையாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். பிறகு என்று ஒன்று எனக்கு வரவில்லை.

சிவக்கொழுந்தரின் ஆய்வுகூடத்தில் ஒரு சட்டம் உண்டு. மாதிரிக் கோபுரத்தை மேசையில் பூட்டி மோட்டாரால் ஆட்டிப் பார்க்கும்போது யாரும் மேசையில் முட்டக் கூடாது. ஒவ்வொரு பரிசோதனையும் அசையாத நிலையிலிருந்து தொடங்க வேண்டும். மோட்டாரின் வேகத்தை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். தவறி முட்டினால் அந்தப் பரிசோதனை பழுது. பதிவை அழித்துவிட்டு, எல்லாம் அடங்கும்வரை காத்திருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் வரைபடம் வழுவழுவென்று வடிவாக வரும். வடிவான வரைபடத்துக்காக அவர் உயிரையும் கொடுப்பார், மற்றவர்களுடைய உயிரை. ஒரு நாள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது என் இடுப்பு மேசையில் இடித்துவிட்டது. மாதிரிக் கோபுரம் பேய் பிடித்தது போல ஆடத் தொடங்கியது. அடங்கும், அடங்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அடங்கவில்லை. அதே மோட்டார், அதே வேகம். ஆட்டம் மட்டும் ஐந்து மடங்கு. மோட்டாரை நிறுத்தினால்தான் நின்றது.

வேறு யாராக இருந்தாலும் திட்டு விழும் என்று அழித்திருப்பார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு வேண்டுமென்றே திரும்பத் திரும்ப இடித்துப் பார்த்தேன். விசயம் இதுதான். அந்த வில்லுக்கு ஒரே நேரத்தில் இரண்டு குணம். அமைதியாகத் தொடங்கினால் அமைதியான குணத்தில் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் பலமான ஒரு குத்து விழுந்தால் மற்றக் குணத்துக்குத் தாவிவிடும், தானாகத் திரும்பி வராது. திருத்துவதொன்றும் பெரிய காரியமில்லை. கட்டியின் ஓட்டத்துக்குக் கொஞ்சம் ரப்பர்த் தடை வைத்தால் அடங்கிவிடும். ஆனால் அதை யார் சிவக்கொழுந்தருக்குச் சொல்வது? நானா? இதையெல்லாம் எழுதிக் கொடுத்து அனுமதியை மறுத்திருக்கலாம், அதுதான் முறை. கொடுத்திருந்தால் அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய், அடுத்த வருடம் ரப்பரையும் தன் பெயரில் எழுதியிருப்பார்.

கட்டியைப் பூட்டி, எல்லோரும் பார்க்கச் சோதித்துக் காட்ட நாள் குறித்தார்கள். அந்தச் சோதனைக்கு ஒரு கிழமை முன்பு அவர் இடம் பார்க்க வந்தார். என்னைக் கண்டதும் ஒரு கணம் திடுக்கிட்டார். பிறகு இரண்டு கைகளையும் விரித்தார்.

"அட, அஞ்சலா பிள்ளை! இஞ்சையோ இருக்கிறீர்? நல்லது, நல்லது. எல்லாரும் ஆராய்ச்சிக்கெண்டு பிறந்தவை இல்லைத்தானே. இதுவும் ஒரு சேவை."

"ஓம் சேர்."

"பழசெல்லாம் மனசில வச்சிருக்கிறீரோ?"

"சீ, இல்லை சேர்" என்றேன், வாய் கூசாமல்.

அவருக்குப் பின்னால், அவருடைய பையையும் கணினியையும் குடையையும் சுமந்துகொண்டு ஒரு பெண் நின்றாள். அவருடைய இப்போதைய ஆய்வு மாணவி. மதுஷிகா, முருங்கன் பிள்ளை. மேலே கட்டியைப் பூட்டும் வேலை அவள் பொறுப்பில் இருந்தது. அவர் எது சொன்னாலும் "ஓம் சேர்" என்றாள். அவள் குடை பிடித்த விதத்தைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடி மடைச்சி, எதற்காக இந்த ஆளுக்கு நிழல் கொடுக்கிறாய் என்று கேட்கத் தோன்றியது. நானும் பிடித்த குடைதான் அது.

சோதனைத் திட்டத்தை அவர் விரித்துக் காட்டினார். முதலில், காற்றுக்குப் பதிலாகக் கோபுரத்தை ஆட்டுவதற்கென்று மேலே பூட்டிய மோட்டாரை ஓடவிட்டுக் கோபுரம் அசையாமல் நிற்பதைக் காட்டுவார். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, உச்சியில் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடித்து வெட்டி, அந்த உதறல் உடனே அடங்குவதைக் காட்டுவார். இரண்டும் தனித்தனியே.

"சேர், ரெண்டையும் சேர்த்து ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்றேன். "மோட்டார் ஓடேக்க கயித்தை வெட்டுவம். இஞ்ச கச்சான் ஒரு சீரா அடிக்கிறதில்லை. அடிச்சுக்கொண்டிருக்கேக்க நடுவில வந்து குத்தும்."

அது பொய்யில்லை. இந்தக் கரையில் தோணி தள்ளிய எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிவக்கொழுந்தர் ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் தப்பியிருப்பார். அவர் சிரித்தார்.

"தனித்தனியா ரெண்டும் பாஸ் எண்டால் சேர்த்தாலும் பாஸ்தானே பிள்ளை. சரி, சேர்த்தே செய்து காட்டுறன். நீர் இன்னும் அதே பயந்த சுபாவம்தான்."

தனித்தனியே சரியென்றால் சேர்ந்தாலும் சரி. நேர்கோட்டுக் கணக்கில் அது வேதவாக்கு. நேர்கோட்டில் அடங்காத கணக்கில் அதைப் போல மடத்தனம் வேறு இல்லை. என் ஏட்டின் முதலாம் அத்தியாயத்தில், முதலாம் பக்கத்திலேயே அப்படி எழுதியிருந்தேன். அந்த அத்தியாயத்தை அவர் களவெடுக்கவில்லை. ஆனபடியால் வாசிக்கவும் இல்லை.

"கயிறு இழுக்க ஆள் வேணுமே" என்றார்.

"எங்கட அண்ணன் றொட்னி, கரையில நிண்டு இழுக்கிற கரைவலை வச்சிருக்கிறார். அவற்ற ஆக்கள் வருவினம்."

"ஆ! படத்துக்கு நல்ல வடிவாயிருக்கும்" என்று அவர் கை தட்டினார். அன்று வீடு போகும்போது வழியில் ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோசம்.

சோதனை நாள் காலையில் காற்றே இல்லை. கூடாரத்தில் கட்டிய கொடிகள் தொங்கிக் கிடந்தன. கொழும்பிலிருந்து ஹோட்டல் முதலாளிகள் வந்திருந்தார்கள், பத்திரிகைக்காரர் வந்திருந்தார்கள், தொலைக்காட்சிக் கமரா இரண்டு. ஆசீர்வதிக்க பாதர், மௌலவி, ஐயர், பிக்கு நால்வரும் வரிசையாகக் கதிரைகளில் அமர்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். சிவக்கொழுந்தர் அந்த வெக்கையிலும் கழுத்தில் ரை கட்டியிருந்தார். கூடாரத்துக்குள் ஒரு மேசையில் மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. ஓட்ட ஒரு பச்சைப் பொத்தான், நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான். கண்ணாடி அறைக்குக் கீழே கட்டிய தடித்த கயிறு சரிந்து வந்து கடற்கரையில் முடிந்தது. நுனியில் றொட்னி அண்ணாவின் ஆட்கள் குதியை மணலில் ஊன்றி நின்றார்கள். கயிற்றின் நடுவே மெல்லிய நைலோன் துண்டு ஒன்று போட்டிருந்தது. அண்ணா கத்தியோடு அதன் பக்கத்தில் நின்றார். நான் கையை உயர்த்தினால் வெட்டுவது என்று பேச்சு.

கோபுரம் விழாது. அதை நான் ஒன்றுக்குப் பலமுறை கணக்குப் பார்த்திருந்தேன். உச்சி இரண்டு பக்கமும் ஒரு சாண் ஆடும், அதற்கு மேல் போகாது. நட்டு, அடித்தளம் எல்லாம் தாங்கும். நான் பழிகாரி, கொலைகாரி இல்லை.

சிவக்கொழுந்தர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். பத்து நிமிடம் தன்னைப் பற்றிப் பேசினார். பிறகு திட்டத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னார்.

"மேல பாருங்கோ! கண்ணாடி அறையில என்ர மாணவி ஒராள் நிக்கிறா. அவவுக்கு முன்னால மேசையில தண்ணி நிரப்பின கிளாஸ் ஒண்டு இருக்கு. ஒரு துளி சிந்தாது!"

அண்ணாந்து பார்த்தேன். மதுஷிகா மேலேயிருந்து கை காட்டினாள்.

அவர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். மேலே மோட்டார் உறுமியது. கோபுரம் அசையவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கே ஒரு பெருமை வந்தது, என் வில் அல்லவா. அண்ணாவின் ஆட்கள் கயிற்றை இழுத்துச் சரிந்தார்கள். கயிறு விறைத்தது. அண்ணா கத்தியை நைலோனில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான்கு வருடமாக இந்தக் கணத்துக்காகத்தான் காத்திருந்தேன். கையை உயர்த்தினால் முடிந்தது. கோபுரம் ஆடும், தண்ணீர் கொட்டும், அந்தப் பெண் அலறுவாள், கமரா எல்லாவற்றையும் பிடிக்கும். பிறகு? பிறகு சிவக்கொழுந்தர் செத்தவீட்டு முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வார். ஒலிவாங்கியில், "நல்ல பிள்ளை. பூட்டேக்க கொஞ்சம் அவசரப்பட்டிட்டா" என்பார். அவர் சொல்வது எனக்கு அப்போதே காதில் கேட்டது. பெரியது அசையாமல் நிற்க, சிறியது எல்லா ஆட்டத்தையும் வாங்க வேண்டும். அந்தக் கட்டிக்கு அதுதான் வேலை. இந்த மனிதன் எப்போதும் தனக்குப் பக்கத்தில் ஒரு கட்டி வைத்திருக்கிறான். அப்போது நான், இப்போது அவள். எவ்வளவு பெரிய குத்து விட்டாலும் இவனுக்கு வலிக்காது.

இரக்கப்பட்டு நிறுத்தினேன் என்று யாரும் என்னைப் புகழ வேண்டாம். அடி விழ வேண்டிய இடத்தில் விழாது என்பதால் நிறுத்தினேன்.

"அண்ணா, கயித்தைத் தளர்த்து!" என்று கத்தினேன். பெட்டியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் நின்றது.

"என்ன பிள்ளை, பயந்திட்டீரோ?" என்றார் சிவக்கொழுந்தர், ஒலிவாங்கியிலேயே. கூட்டம் சிரித்தது.

"இல்லை சேர். மேல ஆள் நிக்கிறதெண்டால் பொறுப்பான ஆள் நிக்க வேணும். அவ மாணவி. கண்டுபிடிச்சது நீங்கள். நீங்கள் ஏறி நில்லுங்கோ. நிண்டால் இண்டைக்கே, இந்த மேசையிலயே கையெழுத்து வைக்கிறன்."

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. சாஹுல் ஹமீட்டுக்கோ கையெழுத்து என்றதும் தலைகால் தெரியவில்லை. "ஓம் சேர், ஏறுங்கோ சேர்! ப்ரொபெசரே மேல நிக்கிற படம், சொல்லி வேலையில்லை!" என்றார். முதலாளிகள் தலையாட்டினார்கள். கமராக்காரர் கமராவைத் திருப்பினார். கூட்டத்துக்கு முன்னால் மறுக்க அவரால் முடியுமா? ரையைச் சரிசெய்தார். ஒலிவாங்கியையும் எடுத்துக்கொண்டு லிப்டுக்குள் ஏறினார். அதே லிப்டில் மதுஷிகா இறங்கி வந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் என்னோடு நின்றாள்.

"ஏனக்கா என்னை இறக்கினனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் உச்சியைக் காட்டினேன். "மேல இருக்கிற வில்லை நான் மேசை மாதிரிக்குத்தான் செய்தனான். இவ்வளவு பெரிசாய் ஆர் ஆக்கினது?"

"நான்தான். ஒண்டரை வருசம் பிடிச்சது. முதல் செய்ததெல்லாம் உடைஞ்சு போச்சு."

"கட்டுரை எழுதியாச்சோ?"

"மே மாசம் வருதாம்." குரல் இறங்கியது. "சேரின்ர பேர் மட்டும்தான். அடுத்த வருசம் நான் ஏட்டைக் குடுக்க வேணும். நானும் உங்களை மாதிரி..." என்று நிறுத்தினாள். "லாப்பில எல்லாருக்கும் உங்கட கதை தெரியும் அக்கா. களவெடுத்த பிள்ளை எண்டு சேர் புதுசாய் வாற எல்லாருக்கும் சொல்லுறவர். அப்பிடிச் செய்யக்கூடாது எண்டு."

நான்கு வருடமாக ஒவ்வொரு புது மாணவனுக்கும் நான் ஒரு பாடம்.

மேலே அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்று கை அசைத்தார். குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "எல்லாருக்கும் வணக்கம்! மேலயிருந்து பேசுறன்!"

மதுஷிகா என் முகத்தையும், அண்ணாவின் ஆட்கள் திரும்ப இழுக்க விறைக்கத் தொடங்கிய கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டிக்காரி. "அக்கா, மோட்டார் ஓடேக்க வெட்டினால் என்ன நடக்கும்?"

"ஆடும்."

"விழுமோ?"

"விழாது. நிப்பாட்டினால் நிக்கும்."

அவள் ஒருமுறை உச்சியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

மோட்டார் உறுமியது. கோபுரம் அசையவில்லை. "பாருங்கோ!" என்றது ஒலிபெருக்கி. "தண்ணியைப் பாருங்கோ! ஒரு துளி!"

நான் கையை உயர்த்தினேன். அண்ணா வெட்டினார்.

கயிறு காற்றில் சீறிக்கொண்டு மேலே போனது. கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்தது, மறுபக்கம் சாய்ந்தது, நிற்கவில்லை. மேலே இரும்புக் கட்டி தண்டவாளத்தில் ஓடி முட்டும் சத்தம் கீழே வரை கேட்டது. ஒலிபெருக்கியில் கண்ணாடி உடையும் சத்தம், மேசை இழுபடும் சத்தம். ஒரு கழுதை கத்திக்கொண்டு ஓடியது. பாதர் எழும்பிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்ன இது? நிப்பாட்டும்! பிள்ளை, நிப்பாட்டும்!" என்றார் சிவக்கொழுந்தர். "இது பூட்டினதில பிழை! பூட்டின பிள்ளை பிழை விட்டிட்டுது!"

அந்த நிலையிலும் அவருக்கு அதுதான் வந்தது. ஆனால் பூட்டின பிள்ளை கீழே நின்றாள். மேலே ஆட்டம் வாங்க அவரைத் தவிர யாரும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் அறையின் தரையில் குந்திக் கம்பியைக் கட்டிப் பிடித்திருப்பது தெரிந்தது. ரை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"அஞ்சலா! அஞ்சலா பிள்ளை!" குரல் கிழிந்தது. "உமக்குத் தெரியும்தானே, இதை எப்பிடி நிப்பாட்டுறதெண்டு! உம்மட வில்லு இது! உம்மட கணக்கு! எழுதினது முழுக்க நீர்தானே, நான் பேரை மட்டும்தானே போட்டனான், எனக்கு இதைப் பற்றி என்ன தெரியும்! ஐயோ, கடவுளே, சொல்லும் பிள்ளை!"

கடற்கரை முழுக்கக் கேட்டது. ஒலிபெருக்கிக்குச் சாஹுல் ஹமீட் நல்ல காசு போட்டிருந்தார், ஒரு சொல் தவறவில்லை. கமராக்கள் இரண்டும் மேலே பார்த்தபடி நின்றன. முதலாளிகள் கோபுரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தன என்று நினைக்கிறேன். நாலு பேர் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், நானூறு பேர் கேட்டார்கள். நெஞ்சு நிறைந்துவிட்டது. நன்றாயிருந்தது. அவ்வளவு நன்றாயிருந்தது.

ஒலிபெருக்கியில் இப்போது பேச்சில்லை. அவர் சத்தி எடுக்கும் சத்தம் வந்தது.

"காணும், போதும்" என்றேன். "மதுஷிகா, நிப்பாட்டு."

அவளுடைய விரல் சிவப்புப் பொத்தானின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. கூடாரத்தின் மறுபக்கத்திலிருந்து சாஹுல் ஹமீட் கதிரைகளைத் தள்ளிவிழுத்திக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தார்.

"மதுஷிகா, காணும் எண்டு சொல்லுறன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"பொறுங்கோ அக்கா" என்றாள். "அவர் உங்கட பேரைத்தான் சொன்னவர். என்ர பேரை இன்னும் சொல்லேல்லை."

பொத்தான் எனக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.